முப்பது நாற்காலி அரங்கு

வங்கி அலுவலருக்குப் பணியிட மாறுதல் புதிதன்று. ஆயினும் மேகாலயாவின் தலைநகரான ஷில்லாங்கிற்கு மாறுதல் ஆணை வந்தபோது, குளிரைத் தாங்குவது எப்படி என்ற கவலையே எனக்கு மேலோங்கி நின்றது. அங்கே இசை கேட்கப் போகிறேன் என்று நினைக்கவே இல்லை.

கிளையில் சேர்ந்த சில வாரங்களில் ஒரு வாடிக்கையாளர் என் கவனத்தை ஈர்த்தார். இருபத்தைந்து வயதுக்கு மேற்படாத இளைஞர். திங்கட்கிழமைகளில் வருவார், ஐம்பதும் நூறுமாக நோட்டுகளைக் கணக்கில் செலுத்துவார். ஒரு வாரம் மூவாயிரம், மறுவாரம் எண்ணூறு, அதற்கடுத்த வாரம் ஆளே வரமாட்டார். சிறுகடை நடத்துகிறாரோ என்று விசாரித்தேன். "இல்லை சார், பேண்டில் கிடார் வாசிக்கிறேன். சனிக்கிழமை லைதும்க்ராவில் நிகழ்ச்சி இருக்கிறது, வாருங்கள்" என்றார். "பாஸ் கிடைக்குமா?" என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் சிரித்தபடி தலையசைத்தார். அந்தக் கேள்விக்காக நான் வெட்கப்பட நேர்ந்ததைப் பின்னர் சொல்கிறேன்.

மேடையில்லா இசை

நவம்பர் மாதத்து ஷில்லாங்கில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். குறுகலான மரப்படிகளில் ஏறினால், மாடியில் ஒரு கஃபே. எண்ணிப் பார்த்தேன், முப்பது நாற்காலிகள். மேடை என்று தனியாக எதுவும் இல்லை. தரையில் விரித்திருந்த பழைய கம்பளமே மேடை. வாயிலில் ஒரு பெண் இருநூறு ரூபாய் பெற்றுக்கொண்டு, வந்தவர்களின் மணிக்கட்டில் முத்திரை பதித்துக்கொண்டிருந்தார்.

குழுவில் நால்வர். கிடார், பேஸ் கிடார், டிரம்ஸ் ஆகியவற்றோடு துய்தாராவும் இருந்தது. அது காஸி மக்களின் மரபு நரம்பிசைக் கருவி. பாடல்கள் அனைத்தும் அவர்களே இயற்றியவை. சில காஸி மொழியிலும் சில ஆங்கிலத்திலும் இருந்தன. ஒவ்வொரு பாடலுக்கும் முன்னர் அது பிறந்த கதையைச் சுருக்கமாகக் கூறினர். ஷில்லாங்கின் பெரிய சந்தையான இயூதுவில் வெற்றிலை பாக்கு விற்கும் தாயைப் பற்றிய பாடல் ஒன்று. சொற்கள் எனக்கு விளங்கவில்லை. எனினும், வாசிப்பவரின் விரல் நரம்பில் நகரும் ஓசை கூடக் கேட்கும் தொலைவில் நான் அமர்ந்திருந்தேன்.

இடையில் கிடாரின் நரம்பு ஒன்று அறுந்தது. பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, தம் கிடாரை உறையிலிருந்து எடுத்து நீட்டினார். அவர் வேறொரு குழுவின் கலைஞர். மறுவாரம் அதே கம்பளத்தில் வாசிக்க இருப்பவர். ஒரு குழுவினர் மற்றொரு குழுவின் நிகழ்ச்சிக்குக் கட்டணம் செலுத்தி வருவது அங்கே வழக்கம் என்று பிறகு அறிந்தேன்.

ஓர் ஊரின் இசை மரபு

இந்த மலையூரில் இவ்வளவு இசைக்குழுக்கள் தழைக்கக் காரணம் என்ன? காஸி மக்களுக்குத் தொன்றுதொட்டே முழவும் குழலும் துய்தாராவும் உண்டு. 1841-இல் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் சோரா எனப்படும் சிரபுஞ்சிக்கு வந்தார். அவருக்குப் பின் தேவாலயங்கள் பெருகின. பல குரல்கள் இசைந்து பாடும் சேர்ந்திசை வீடுதோறும் பழக்கமாயிற்று. பின்னர் மேற்கத்திய ராக் இசையும் ப்ளூஸ் இசையும் வந்தபோது, அவற்றை ஏற்கும் செவிகள் இங்கே ஆயத்தமாக இருந்தன.

ஷில்லாங்கின் மூத்த ராக் இசைக்கலைஞர் லூ மஜாவ், 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளை இசை நிகழ்ச்சியோடு கொண்டாடி வருகிறார். டிலனுக்கு இலக்கிய நோபல் பரிசு கிடைத்தது 2016-இல்தான் என்பதை நினைவிற்கொண்டால், இந்த ஊரின் ரசனை எத்தனை முந்தியது என்பது புரியும். ரூடி வால்லங்கும் டிப்ரிதி கர்பங்கரும் 2003-இல் தொடங்கிய 'சோல்மேட்' குழு, ப்ளூஸ் பிறந்த அமெரிக்க மண்ணிலேயே சென்று வாசித்தது. உள்ளூர் கலைஞர்கள் ஊதியம் பெற்று வாசிக்க மேகாலயா அரசும் ஒரு திட்டம் நடத்துகிறது.

இருபத்து மூன்று பேரின் கணக்கு

வணிகவியல் படித்தவனுக்குப் பாட்டு கேட்கும்போதும் கணக்கு ஓடும். அன்று கட்டணம் செலுத்தியவர்கள் 23 பேர். வசூல் 4,600 ரூபாய். உணவு, தேநீர் வருமானம் கஃபேயைச் சேரும். நுழைவுக் கட்டணம் குழுவுக்கு. அதில் மைக் செட் வாடகை 1,500, வாகனச் செலவு 600. மீதம் 2,500. நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 625 ரூபாய்.

காலியாக இருந்த மற்ற நாற்காலிகளில் நானும் இன்னும் அறுவரும் கட்டணம் செலுத்தி அமர்ந்திருந்தால்? வசூல் 1,400 ரூபாய் கூடும், செலவு கூடாது. ஒவ்வொருவர் பங்கும் 975 ஆகும். ஏழே பேரால் ஒரு கலைஞரின் அன்றைய வருமானம் பாதிக்கு மேல் உயர்கிறது. பதினாயிரம் பேர் கூடும் பெருநிகழ்ச்சியில் நாம் வரவில்லை என்பதை எவரும் உணரப் போவதில்லை. முப்பது நாற்காலி அரங்கில் நம் நாற்காலி காலியாக இருப்பது கணக்கிலும் தெரியும். வாசிப்பவர் கண்ணிலும் படும்.

இதை எனக்கு உறுதிப்படுத்தியது ஒரு நோட்டுப்புத்தகம். சில மாதங்களுக்குப் பின் அந்த இளைஞர் கடன் கேட்டு வந்தார். சொந்தமாக மைக், மிக்ஸர், ஒலிபெருக்கி வாங்க 45,000 ரூபாய் தேவை. பிணையம் கேட்காத முத்ரா திட்டத்தில் 50,000 வரையிலான 'சிசு' பிரிவில் அது அடங்கும். ஆனால் சீரான வருமானத்துக்குச் சான்று இல்லை. அவரது கணக்கின் ஏற்ற இறக்கங்களைக் கண்டு தயங்கினேன். அப்போது அவர் அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

நாள், இடம், வந்தவர் எண்ணிக்கை, வசூல், செலவு, ஒவ்வொருவர் பங்கு என்று இரண்டு ஆண்டு நிகழ்ச்சிகள் கோடிட்டு எழுதப்பட்டிருந்தன. மூன்று இடங்களில் வசூலுக்கு நேரே பூஜ்யம். ஒருவரும் வராத மாலைகள். அவற்றையும் மறைக்காமல் எழுதியிருந்தார். பக்கங்களைப் புரட்டியபோது நான் சென்ற நாள் கண்ணில் பட்டது: "கட்டணம் 23. இலவசம் 1 – வங்கி சார்."

என் முகம் வாடியதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. வாடிக்கையாளரிடம் ஓர் அலுவலர் பெற்ற இருநூறு ரூபாய், பேரேட்டில் ஏறியிருக்கிறது! அன்று மாலையே அத்தொகையை வாயிலில் இருந்த பெண்ணிடம் செலுத்தினேன். விண்ணப்பத்தை விதிகளின்படி அந்த நோட்டின் துணையுடன் பரிசீலித்தோம். மூன்றாண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 1,500 ரூபாய். ஒரு நிகழ்ச்சிக்கு அவர்கள் தந்துவந்த மைக் செட் வாடகையும் அதுவே. கடன் வழங்கப்பட்டது. நான் அங்கிருந்தவரை ஒரு தவணையும் தவறவில்லை.

எல்லாம் நன்மையாகவே முடிந்தது என்று சொல்ல இயலாது. பேஸ் கிடார் வாசித்தவர் வேலை தேடி பெங்களூரு சென்றுவிட்டார். மூவராகச் சுருங்கிய குழு சில மாதங்கள் தடுமாறியது. அந்த நோட்டில் மீண்டும் ஒரு பூஜ்யம் ஏறியது.

நீங்கள் செல்வதானால்

இத்தகைய சுயாதீன இசைக்குழுக்கள் இன்று நாட்டின் பல நகரங்களில் சிறிய அரங்குகளில் வாசிக்கின்றன. செல்ல விரும்பும் வாசகர்களுக்கு அனுபவத்தில் கற்ற சில குறிப்புகள்:

இலவச அனுமதி கேட்காதீர்கள். ஒருவருக்கு ரூ.500-க்கு மேற்படாத இசை நிகழ்ச்சிக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், நீங்கள் தரும் தொகையில் வரிக்கெனக் கழிவு இல்லை.

குறித்த நேரத்துக்குச் செல்லுங்கள். முதல் பாடலைக் காலி நாற்காலிகளுக்கு வாசிப்பது எவருக்கும் கடினம்.

ஒரு தேநீராவது வாங்குங்கள். கஃபே பிழைத்தால்தான் அரங்கு பிழைக்கும்.

பாடல் நடக்கும்போது உரையாடலைத் தவிருங்கள். சிறிய அறையில் உங்கள் குரலும் இசையோடு கலந்துவிடும்.

பிடித்திருந்தால் முடிந்தபின் சென்று சொல்லுங்கள். அவர்களின் இசைத்தட்டோ சட்டையோ விற்பனைக்கு இருந்தால், யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்த ஒரு நிமிடம் போதும்.

மூன்றாண்டுகளுக்குப் பின் எனக்கு மீண்டும் மாறுதல் வந்தது. புறப்படுவதற்கு முந்தைய சனிக்கிழமை அதே மரப்படிகளில் ஏறினேன். வாயிலில் இருநூறு ரூபாய் நீட்டியபோது, அந்தப் பெண் "குப்லேய்" என்று நன்றி கூறி முத்திரை பதித்தார். அன்று வந்திருந்தவர்கள் 26 பேர். புதிதாகச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவர் பேஸ் கிடார் வாசித்தார். இரண்டு இடங்களில் தவறினார். சந்தைத் தாயின் பாடலை அவர்கள் பாடியபோது, சொற்கள் புரியாவிட்டாலும் எங்கே கைதட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் ஊரிலும் இந்தச் சனிக்கிழமை ஏதோ ஒரு மாடியில் நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு நாற்காலியை நிரப்பி வாருங்கள்.