விரிசலின் முனை

வட இந்தியாவில் மார்கழி, தை மாத இரவுகளில் குளிர் கடுமையாக இருக்கும். ஊர் உறங்கும் அவ்வேளையில் இருப்புப்பாதைப் பணியாளர்கள் விளக்கை ஏந்தித் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து செல்வர். அவர்கள் தேடுவது விரிசலை. உறுதியான எஃகில் விரிசல் எவ்வாறு தோன்றுகிறது?

உலோகம் வெப்பத்தால் விரியும், குளிரால் சுருங்கும். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டவாளம் தடையின்றிக் கிடந்தால், வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் குறையும்போது ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் சுருங்கும். ஆனால் இக்காலத் தண்டவாளங்கள் இடைவெளியின்றி நெடுந்தொலைவு பற்றவைக்கப்பட்டு, ஸ்லீப்பர்களோடு இறுகப் பிணைக்கப்பட்டுள்ளன. எனவே, அவை சுருங்க இயலாது. சுருங்க முயலும் எஃகினுள் பெரும் இழுவிசை உண்டாகிறது.

அவ்விசை குறையற்ற எஃகை முறித்துவிடாது. எஃகில் சிறு குறை இருப்பின் அதுவே ஆபத்தாகும். மிளகாய்த்தூள் பொட்டலத்தின் ஓரத்தில் சிறு வெட்டு இருப்பதைக் காணலாம். வெட்டில்லாத இடத்தில் இழுத்தால் பொட்டலம் எளிதில் கிழிவதில்லை. வெட்டுள்ள இடத்திலோ உடனே கிழிகிறது. பரவலாகத் தாங்கப்பட வேண்டிய விசை, வெட்டின் கூர்முனையில் குவிவதே இதற்குக் காரணம். கண்ணாடி எளிதில் உடைவதற்கும் கண்ணுக்குப் புலப்படாத கீறல்களே காரணம் என்பதை 1921ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் கிரிஃபித் விளக்கினார்.

எஃகு கண்ணாடியைப் போன்றதன்று. விரிசலின் முனையில் எஃகு சற்று நெகிழ்ந்து நீளும். அதனால் முனை மழுங்கி, விரிசல் விரைவில் பரவாது. ஆயினும், தொடர்வண்டியின் சக்கரங்கள் மீண்டும் மீண்டும் உருளும்போது விரிசல் சிறிது சிறிதாக வளரும். இதனை உலோகச் சோர்வு என்பர். விரிசல் ஓர் எல்லையைக் கடந்ததும், குளிர் மிகுந்த இரவொன்றில் தண்டவாளம் திடீரென முறிகிறது.

இதனைத் தவிர்க்கவே மீயொலிக் கருவியால் தண்டவாளத்தின் உட்புறம் சோதிக்கப்படுகிறது. கருவிக்குத் தப்பிய விரிசல் முறிவாகும்போது, அதனைக் காண்பவர் இரவில் நடக்கும் பணியாளரே. அவர் வண்டி வரும் திசையில் விரைந்து சென்று சிவப்பு விளக்கைக் காட்டுவார். தண்டவாளத்தின்மேல் டெட்டனேட்டர்களைப் பொருத்துவார். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். வண்டிக்குள் உறங்கும் பயணியர் பலர், வண்டி ஏன் நின்றது என்பதைக்கூட அறியார்.

சொற்பொருள்
இருப்புப்பாதை – இரயில் பாதை
மழுங்குதல் – கூர்மை குறைதல்
மீயொலி – மனிதர் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி

வினாக்கள்
1. குளிர்காலத்தில் தண்டவாளத்தினுள் இழுவிசை உண்டாவது ஏன்?
2. உலோகச் சோர்வு என்றால் என்ன?
3. விரிசலின் முனையில் சிறிய வட்டத் துளையிட்டால் விரிசல் பரவுவது தடைப்படும். காரணத்தைச் சிந்தித்து எழுதுக.