பிள்ளையின் அசைவு குறைந்தால்

பிரித்தானிய வைத்தியசாலைகளின் பிரசவ ஆயத்த வகுப்புகளுக்குப் போய் வாருங்கள். கணவரும் கூடப் போகட்டும். ஆனால் எம்மிடம் வரும் தாய்மார் பலருக்குத் தெரியாத விடயம் ஒன்றை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

வயிற்றில் பிள்ளையின் அசைவு பொதுவாக 16 முதல் 24 வாரங்களுக்குள் தெரியத் தொடங்கும். இத்தனை தரம் அசைய வேண்டும் என்ற கணக்கு இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழமை உண்டு. அது மாறினாலோ குறைந்தாலோ கவனிக்க வேண்டும். 'கடைசி மாதத்தில் இடம் போதாது, பிள்ளை அடங்கித்தான் இருக்கும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. பிரசவம் வரை, வலி தொடங்கிய பின்னரும்கூட, பிள்ளை அசைய வேண்டும். நஞ்சுக்கொடி சரிவர இயங்காது போனால் ஒட்சிசன் குறையும். பிள்ளை தன் சக்தியைச் சேமிக்க அசைவைக் குறைத்துக்கொள்ளும்.

ஆகவே விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடையில் வாங்கிய கருவியில் இதயத் துடிப்புக் கேட்டாலும் அதை நம்பி இருந்துவிட வேண்டாம். நடுச்சாமம் என்றாலும் பிரசவப் பிரிவுக்குத் தொலைபேசி எடுங்கள். ஆங்கிலம் தடை என்றால் 'தமிழ்' என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. கரைச்சல் கொடுக்கிறோமோ என்ற கூச்சம் அகதியாய் வந்த காலத்தில் எமக்கும் இருந்தது. மருத்துவிச்சிமார் அப்படி நினைப்பதில்லை. பரிசோதித்து 'எல்லாம் சரி' என்று அனுப்பிய பின் மறுபடியும் அசைவு குறைந்தால், மறுபடியும் போங்கள்.