மெய்ப்பித்தலும் மறுத்தலும்: பல்கலைக்கழக வலையமைப்பிற் கோளாறு காணும் முறை

ஒருவர் தம்மை யாரெனக் கூறுகின்றாரோ அவரே அவர் என உறுதிசெய்தல் மெய்ப்பித்தல் எனப்படும். அவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டவர் எதனைச் செய்யலாம் எனத் தீர்மானித்தல் அதிகாரமளித்தல் ஆகும். இவை வேறுவேறான செயல்கள். இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாது கணனிச் சேவையகங்களின் கோளாறுகளை ஆராய முற்படுவோர் பிழையான இடத்திலேயே தேடுவர்.

இவ்வினா கணனியோடு தோன்றியதன்று. சிலப்பதிகாரத்திற் கோவலன் மதுரைக்கு அயலான். அவனை அறிந்தோர் புகாரில் இருந்தனர். பாண்டியன் அவர்களை வினவவில்லை. களவிற் பங்குள்ள பொற்கொல்லனின் சொல்லே சான்றாயிற்று. சிலம்பினுள் இருப்பது முத்தா மாணிக்கமா என்னும் சோதனை கொலைக்குப் பின்னரே நிகழ்ந்தது.

மாம்புரி அமைந்துள்ள புத்தளக் கரையோரமும் இவ்வினாவை நன்கறியும். 1990 ஒக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். வாழுமிடம் ஒன்று, பதிவிடம் வேறொன்று என்னும் நிலை அவர்களுட் பலருக்குப் பல்லாண்டுகள் நீடித்தது. வந்த இடத்தில் நிற்பவரைப் பற்றி, புறப்பட்ட இடத்தை எவ்வாறு வினவுவது? பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வலையமைப்பு விடைகாண முயல்வதும் இவ்வினாவுக்கேயாகும்.

2002-2003 காலப்பகுதியில் ஐரோப்பிய ஆய்வு வலையமைப்புகளிடையே தோன்றிய 'எடுரோம்' என்னும் ஏற்பாடு, இலங்கையில் 'லேர்ண்' எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பின் ஊடாக இயங்குகின்றது. மாம்புரி மாணவி ஒருத்தி பேராதனையிற் பயில்கின்றாள் எனக் கொள்வோம். அவள் வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்று தன் கைத்தொலைபேசியை அங்குள்ள வலையமைப்பில் இணைக்க முயல்கின்றாள். விருந்தோம்பும் நிறுவனத்தின் சேவையகம் அவளை மதிப்பிடுவதில்லை. அவளது பயனர்பெயரில் 'அற்' குறிக்குப் பின்வரும் நிறுவனப் பெயரை மட்டும் நோக்கி, வேண்டுகோளைத் தேசியச் சேவையகத்துக்கு அனுப்புகின்றது. அது பேராதனைக்கு அனுப்புகின்றது. ஏற்பு அல்லது மறுப்பு என்னும் விடை அவ்வழியே மீள்கின்றது. கடவுச்சொல் பற்றிய பரிமாற்றம் மறைகுறியாக்கப்பட்ட சுரங்கத்தினூடே செல்வதால் இடையிலுள்ளோர் அதனைக் காணார். சேவையகங்கள் தமக்குட் பேசும் மொழி 'றேடியஸ்' ஆகும். இது 1991 இல் லிவிங்ஸ்ரன் நிறுவனத்தில் உருவாகியது. 2000 ஆம் ஆண்டு 2865 ஆம் இலக்க ஆவணத்திற் செம்மையாக வரையறுக்கப்பட்டது.

இணைப்பு கிடைக்காதபோது தொலைபேசி ஒரே செய்தியைத்தான் காட்டும்: இணைக்க முடியவில்லை. அதன் பின்னால் நான்கு வேறுபட்ட காரணங்கள் இருக்கக்கூடும்.

முதலாவது, மௌனம். இரு சேவையகங்களுக்கும் பொதுவான இரகசியச் சொல் ஒருபுறம் தவறாகப் பதியப்பட்டிருந்தால், அல்லது அனுப்பும் சேவையகத்தின் முகவரி மற்றதன் பட்டியலில் இல்லாவிடின், பெறுவது விடையளியாது வேண்டுகோளைக் கைவிடும். தீச்சுவர் 1812 ஆம் இலக்க யூ.டி.பி. துறையைத் தடுத்தாலும் விளைவு இதுவே. மறுப்பு வேறு, மௌனம் வேறு. மௌனமெனின் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை.

இரண்டாவது, பெயரின் குறைபாடு. நிறுவனப் பெயரின்றிப் பயனர்பெயரை மட்டும் பதிந்த தொலைபேசி சொந்த வளாகத்தில் இயங்கக்கூடும். அயல் வளாகத்தில் இயங்காது. எங்கே வினவுவது என அயற் சேவையகம் அறியாமையே இதற்குக் காரணம்.

மூன்றாவது, சான்றிதழ். இங்கு சேவையகமே தன்னை மாணவிக்கு மெய்ப்பிக்கவேண்டும். சான்றிதழ் காலாவதியானாலோ, தொலைபேசியின் திகதி பிழைத்தாலோ இணைப்பு முறியும். சான்றிதழைச் சோதிக்காதே எனத் தொலைபேசிக்குக் கட்டளையிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆயின் அதே பெயரிற் போலி வலையமைப்பை நிறுவுவோனிடம் கடவுச்சொல்லை ஒப்படைக்க அது வழிசெய்யும். அது தீர்வன்று.

நான்காவதே உண்மையான மறுப்பு. இதிலும் கடவுச்சொல் சரியாகவே இருக்கலாம். 'எம்.எஸ்.சாப்' முறை கடவுச்சொல்லின் குறித்த ஒரு சுருக்க வடிவத்தை வேண்டுவது. பயனர் பதிவேடு வேறு வடிவத்தில் அதனைச் சேமித்திருந்தால் ஒப்பிட வழியில்லை. எனவே சரியான சொல்லும் மறுக்கப்படும்.

இவற்றைப் பிரித்தறியும் வழி ஒன்றே: வேண்டுகோள் எந்தச் சேவையகத்தின் பதிவேடு வரை சென்றது எனப் படிப்படியாக நோக்குதல். முதலிற் சொந்த வளாகத்திலும், பின்னர் தேசியச் சேவையகம் ஊடாகவும், இறுதியில் அயல் வளாகத்திலும் ஒரே கணக்கைச் சோதித்தல் வேண்டும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். 'ஃபிறீறேடியஸ்' மென்பொருளை விரிவான பதிவுமுறையில் இயக்கினால் ஒவ்வொரு முடிவும் எவ்விதியால் நேர்ந்தது என்பது வரிவரியாகத் தெரியும். மெய்ப்பித்தல் நிறைவேறியும் நூலகத் தரவுத்தளம் திறக்கவில்லையெனின், கோளாறு அதிகாரமளித்தலைச் சார்ந்தது.

மேற்கூறிய நான்கனுள் பெரும்பாலானவை மாணவியின் தவறுகள் அல்ல. நிறுவனங்களுக்கிடையிலான உறவில் நேர்ந்த முறிவுகள். ஆயினும் திரையில் தோன்றுவது தனிமனிதரின் தோல்வியாகவே தோன்றுகின்றது. சமூக உறவொன்று தனியாள் குறைபாடாக உருமாறித் தெரிவதை இங்கு தெளிவாகக் காண்கின்றோம். செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவது இத்தோற்றத்தை வலுப்படுத்துகின்றது. இரவுபகலாகப் பதிவேடுகளைப் பேணும் தொழினுட்ப ஊழியரின் உழைப்போ கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

ஆகவே மறுப்புக்கான காரணத்தைப் பயனரின் மொழியில், அவரது இரகசியம் வெளிப்படாவண்ணம் அறிவித்தல் பல்கலைக்கழகத்தின் கடமையாகும். யார் மறுத்தார், எதனால் மறுத்தார், யாரிடம் முறையிடுவது என்னும் மூன்றும் தெரியாத அமைப்பு எத்துணை நுட்பமாயினும் பாண்டியனின் அவையிலிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை.