சபையை விட்டு வந்தவரும் கொல்லிமலை டாக்டரும்

"எல்லாம் ஆண்டவன் செயல்" என்று தாத்தா சொல்லும்போது, வீட்டில் ஒரு வாண்டு கேட்கும்: "அப்போ நான் கணக்குல ஃபெயிலானதும் ஆண்டவன் செயல்தானே?" எல்லோரும் சிரிப்போம். பதில் மட்டும் யாரும் சொல்ல மாட்டோம்.

இதே கேள்வியைச் சிரிப்பில்லாமல் சுமந்து திரிந்தவர் ஓர் அமெரிக்க எழுத்தாளர், பிலிப் யான்சி. வளர்ந்த சபையை விட்டு வெளியேறி, கடவுளோடும் பைபிளோடும் மல்லுக்கட்டியவர். அவருக்குத் துணையாகக் கிடைத்தவர் நம் கொல்லிமலையில் வளர்ந்த ஒரு டாக்டர்.

யான்சி 1949-ல் அட்லாண்டாவில் பிறந்தார். அடுத்த ஆண்டே அப்பாவுக்குப் போலியோ. மூச்சு விடுவதற்கே 'இரும்பு நுரையீரல்' என்ற இயந்திரம் தேவைப்பட்டது. மிஷனரியாகப் போக இருந்த 23 வயது இளைஞர் அவர். 'கடவுள் இவரை நிச்சயம் குணமாக்குவார்' என்று நம்பியவர்கள் ஊர் ஊராக ஜெபித்தார்கள். அந்த நம்பிக்கையில், டாக்டர்கள் சொன்னதையும் மீறி அவரை இயந்திரத்திலிருந்து வெளியே எடுத்தார்கள். 1950 டிசம்பரில் அவர் இறந்துபோனார்.

இந்த முழுக் கதையும் யான்சிக்குத் தெரியவந்தது கல்லூரி வயதில்தான். தாத்தா பாட்டி வீட்டு ஆல்பத்திலிருந்து தற்செயலாக விழுந்த பழைய பத்திரிகைத் துண்டு ஒன்று அதைச் சொன்னது. அதுவரை அப்பா அவருக்கு ஒரு புனிதர்.

அம்மா வேறொரு பாரத்தையும் பிள்ளைகள் மேல் ஏற்றியிருந்தார். பைபிளில் அன்னாள் தன் மகன் சாமுவேலைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்த கதை வரும் அல்லவா? அதேபோல, இறந்த கணவருக்குப் பதிலாகத் தன் இரண்டு மகன்களும் ஆப்பிரிக்காவுக்கு மிஷனரிகளாகப் போவார்கள் என்று நேர்ந்துகொண்டார். மகன்களை யாரும் கேட்கவில்லை. நம் ஊரிலும் பிள்ளையைக் கேட்டா மொட்டைக்கு நேர்ந்துகொள்கிறோம்? ஆனால் மொட்டை ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். இது ஆயுள் முழுக்க.

அவர்கள் போன சபையில் சினிமா பாவம், நடனம் பாவம். அதைக்கூட விட்டுவிடலாம். கறுப்பின மக்கள் சபிக்கப்பட்டவர்கள் என்றும் அங்கே போதித்தார்கள். ஆதாரமாகக் காட்டியது ஆதியாகமம் 9-ம் அதிகாரம், நோவா தன் மகன் காமின் குடும்பத்தைச் சபித்த பகுதி. பள்ளி நாள்களில் ஒரு கோடை விடுமுறையில் யான்சி ஓர் அரசு ஆய்வகத்துக்குப் பயிற்சிக்குப் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர். 'சபை இதில் பொய் சொல்லியிருந்தால், வேறு எதிலெல்லாம் சொல்லியிருக்கும்?' என்ற கேள்வி அங்கிருந்து கிளம்பியது.

அந்த அதிகாரத்தை இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். சாபம் விழுவது காமின் மேல்கூட இல்லை, அவன் மகன் கானான் மேல். தோலின் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வசனத்தில் இல்லாததை வசனமாகவே நம்பவைத்திருந்தார்கள்.

சபையை விட்டு வெளியே வருகிறவர்கள் பலரும் புத்தகத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வருவார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. யான்சி புத்தகத்தைக் கையோடு எடுத்துவந்தார், சண்டை போடுவதற்கு. வலியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினார். கடவுள் நல்லவர் என்றால் அப்பாவை ஏன் அப்படிச் சாகவிட்டார் என்பதுதான் அதற்கு அடியில் கிடந்த கேள்வி. அந்தத் தேடலில் 'வலி ஒரு பரிசு' என்று ஒரு டாக்டர் எழுதியிருந்த கட்டுரை கைக்குக் கிடைத்தது. யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்காது? 1970-களின் நடுவில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு அவரைத் தேடிப் போனார்.

பலா மரம், பள்ளிக்கூடம்

அந்த டாக்டர்தான் பால் பிராண்ட். பிறந்தது 1914 ஜூலை 17, வளர்ந்தது கொல்லிமலையில்.

இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப் போகிறது. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று மலை முழுக்க நாடுகள். மிளகும் காபியும் பலாவும் வாசனை வீசும். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டும் எவலினும் கல்யாணமான கையோடு இந்த மலை ஏறியபோது நடையும் டோலியும்தான் வழி. கல்யாண உடையோடு டோலியில் ஏறிய எவலின், கொட்டிய மழையில் நனைந்தபடி மேலே போய்ச் சேர்ந்தார்.

அவர்களை அனுப்பிய அமைப்பின் பெயரே 'ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்', 1861-ல் தொடங்கியது. ஒரு விஷயத்தில் 'ஸ்ட்ரிக்ட்': தங்கள் முறைப்படி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவருக்கு மட்டும்தான் திருவிருந்து. யாருக்கு மீட்பு என்பதைக் கடவுள் முன்கூட்டியே குறித்துவிட்டார் என்பதும் அவர்கள் நம்பிக்கை. எல்லாம் முன்பே முடிவாகிவிட்டதென்றால் எதற்குப் பிரசங்கம், எதற்கு மிஷனரி? இங்கிலாந்து பாப்டிஸ்டுகளுக்குள்ளேயே 18-ம் நூற்றாண்டில் இந்தச் சண்டை பலமாக நடந்தது. ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785-ல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். நமக்கும் இது புதிதில்லை. திருக்குறளில் 'ஊழ்' என்று ஓர் அதிகாரம், 'ஆள்வினை உடைமை' என்று இன்னோர் அதிகாரம். இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான்.

ஜெஸ்ஸி பிராண்ட் இந்த விவாதத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி வெளியே எடுத்தார், பள்ளிக்கூடம் கட்டினார். பல ஆண்டுகள் மலையில் ஒருவரும் மதம் மாறவில்லை. முதல் உலகப் போர் முடியும் சமயத்தில் விஷக்காய்ச்சல் பரவியபோது, அவர்களைக் கடுமையாக எதிர்த்த பூசாரியே சாகும் தறுவாயில் தன் பிள்ளைகளை அவர்களிடம் ஒப்படைத்தார் என்று மிஷனரிப் புத்தகங்கள் சொல்கின்றன. அதில் பூசாரியின் விருப்பம் எவ்வளவு, வேறு வழியில்லாத நிலை எவ்வளவு என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

சிறுவன் பாலுக்கு மரத்தின் மேல்தான் வகுப்பு. கணக்கைப் போட்டு மேலிருந்து தாளைக் கீழே விடுவான், அம்மா திருத்துவார். அப்பா கறையான் புற்றைக் காட்டிப் பாடம் நடத்துவார். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனவன் அப்பாவைத் திரும்பப் பார்க்கவே இல்லை. 1929 ஜூன் 15-ல் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். தந்தி உடனே போய்ச் சேர்ந்தது. அவர் முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக, இறந்த பிறகும் வந்துகொண்டிருந்தன.

எவலின் மலையை விடவில்லை. ஏறக்குறைய 70 வயதில் 'போதும், ஓய்வெடுங்கள்' என்றது மிஷன். அவர் மிஷனை விட்டு விலகி, மலையிலேயே தன் சொந்தப் பொறுப்பில் குடிசை போட்டார். 1974-ல் 95 வயதில் இறக்கும்வரை மலைகளிலேயே வேலை. கணவர் பக்கத்திலேயே அடக்கம்.

எலியும் சுவிட்சும்

பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு வந்தார். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவைசிகிச்சையால் நிமிர்த்தியவர்களில் முன்னோடி. தொழுநோய் சதையை அழுகவைக்கிறது என்று அதுவரை நம்பினார்கள். உண்மையில் நோய் கொல்வது நரம்பின் உணர்ச்சியை. வலி தெரியாததால் நோயாளி சுட்டுக்கொள்கிறார், வெட்டிக்கொள்கிறார். சிலருக்கு ராத்திரியில் விரல் காணாமல் போனது. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், எலி! தூங்குகிறவருக்குக் கடி தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுக்கு ஆளுக்கொரு பூனை கொடுத்து அனுப்பினார்கள்.

'முற்பிறவிப் பாவம்' என்று ஊர் சொன்ன நோய் இது. யோவான் 9-ம் அதிகாரத்தில் சீடர்களும், பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, பெற்றோரா என்று கேட்பார்கள். இயேசு இரண்டையும் மறுப்பார். யான்சியின் அப்பா கதைக்கும் இதே பதில்தான் பொருந்தும். அவர் இறந்தது யாருடைய நம்பிக்கையும் குறைந்ததால் அல்ல.

கார்வில்லில் பிராண்ட் குழு இன்னொன்றையும் முயன்றது, செயற்கை வலி. கையுறையில் உணர்கருவி வைத்து, அழுத்தம் கூடினால் காதில் சத்தம். நோயாளிகள் கண்டுகொள்ளவில்லை. அக்குளில் மின்சார அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். செய்ய நினைத்த வேலை அதிர்ச்சி தரும் என்று தெரிந்தால், நோயாளி முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு, வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்! திட்டம் கைவிடப்பட்டது. வலி என்றால் அது நம் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார் பிராண்ட்.

உடம்புக்கு அது சரி. நம்பிக்கைக்கு? அங்கே சுவிட்ச் நம் கையில்தான் இருக்க வேண்டும் என்பதுதான் யான்சி வந்து சேர்ந்த இடம். 1988-ல் எழுதிய புத்தகத்தில் யோபுவின் கதையை வைத்து இதையே வாதிட்டார்: கட்டாயப்படுத்தி வாங்கிய அன்பு அன்பே அல்ல, அதனால்தான் கடவுள் ஒதுங்கி நிற்கிறார் என்று. வலியில் துடிக்கும் யோபுவுக்கு இந்த விளக்கம் போதுமா என்பது வேறு விஷயம், எனக்குப் போதவில்லை. ஆனால் அவரைத் தேற்றியது அந்த வாதம் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். கேள்வி கேட்டால் கோபப்படாத, பயமுறுத்தாத, 'ஸ்ட்ரிக்ட்' வீட்டில் வளர்ந்த ஒரு மனிதரோடு பத்து வருடத்துக்கு மேல் உட்கார்ந்து மூன்று புத்தகங்கள் எழுதினார். அத்தனை கடுமையான கொள்கையிலிருந்து இப்படியொருவரும் வர முடியும் என்பதை அவர் நேரில் பார்த்தார்.

யான்சிக்கு ஓர் அண்ணன் உண்டு. அதே வீடு, அதே வசனங்கள், அதே நேர்த்திக்கடன். பியானோவில் அபாரத் திறமை. அம்மா சொன்ன கல்லூரியை விட்டு வேறு கல்லூரிக்கு மாறியதற்காக, அவனுக்கு விபத்து நேர வேண்டும் என்று ஜெபிப்பேன் என்றார் அம்மா. அவர் நம்பிக்கையை மொத்தமாக அணைத்துவிட்டார். அம்மாவும் மகனும் பல பத்தாண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. 2021-ல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில் யான்சி இதையெல்லாம் எழுதினார். அண்ணனை மனம்திருப்பும் கடைசி அத்தியாயம் எதுவும் அதில் கிடையாது.