கொல்லைப்புறத்தில் பிறந்த விமானம்!

அத்திப்பட்டிலும் கும்மிடிப்பூண்டியிலும் தகடு வெட்டுகிறவர்கள் உண்டு. ரிவெட் அடிக்கிறவர்கள் உண்டு. "வீட்டுக் கொல்லையில் ஆகாய விமானம் கட்ட முடியுமா?" என்று அவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

முடியும்! கட்டியே காட்டிவிட்டார் ஒருவர். வேலைக்கும் போய்க்கொண்டு, மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் கவனித்துக்கொண்டு கட்டினார்.

அவர் பெயர் அசோக் தாமராட்சன். கேரளத்தில் ஆலப்புழைக்காரர். என்ஜினீயர். 2006-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனார். அங்கே போர்டு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தார். எஸ்ஸெக்ஸ் என்ற மாவட்டத்தில் குடியிருந்தார்.

இடம் போதவில்லை

2018-ல் அவர் விமானம் ஓட்ட லைசென்சு வாங்கினார். சின்ன விமானங்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார். அவற்றில் இரண்டு பேர்தான் உட்காரலாம். குடும்பம் பெரிதாயிற்று. நாலு பேருக்கு எங்கே போவது?

நாலு பேர் உட்காரும் வாடகை விமானம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அரதப் பழசாக இருந்தது.

தென் ஆப்பிரிக்காவில் 'ஸ்லிங்' என்று ஒரு விமானக் கம்பெனி இருக்கிறது. விமானத்தைப் பாகம் பாகமாகப் பெட்டியில் அடைத்து அனுப்பும். வாங்குகிறவர் படத்தைப் பார்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். அசோக் நேரில் போய்த் தொழிற்சாலையைப் பார்த்தார். திருப்தியோடு திரும்பினார்.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. வெளியே போக்குவரத்து நின்றது. வீண் செலவும் நின்றது. கையில் பணம் மிஞ்சியது. தோட்டத்தில் ஒரு கொட்டகை எழுந்தது. அதற்குள் வேலை தொடங்கியது.

யாருடைய நேரம்?

விமானத்தின் உடல் அலுமினியத் தகடு. தகட்டைத் தகட்டோடு இணைப்பது ரிவெட். ஒரு துளை பிசகினாலும் அந்தத் தகட்டை அப்படியே விட முடியாது.

மொத்தம் 1,500 மணி நேரம் உழைத்தார். 18 மாதங்கள் ஆயின. வகுத்துப் பாருங்கள். ஒரு நாள் கூட விடாமல் தினம் இரண்டே முக்கால் மணி நேரம்!

அந்த நேரம் எங்கிருந்து வரும்? ஆபீசு நேரத்தில் கை வைக்க முடியாது. மனைவியோடு பேசும் நேரம், குழந்தையோடு விளையாடும் நேரம், தூங்கும் நேரம். இவற்றில்தான் வெட்ட வேண்டும். வீட்டார் மனம் வைத்தால் ஒழிய இது நடக்காது. ஆகவே, கட்டியவர் ஒருவர் என்றாலும் கூலி கொடுத்தது குடும்பம்.

பணமும் சும்மா அல்ல. சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் ஆயிற்று.

நம் நாட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. பம்பாய் நகரத்து காந்திவலியில், விமானி அமோல் யாதவ் தம் அடுக்கு வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் செல்லும் விமானம் கட்டினார். 2016-ல் அது பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. 2017-ல் அரசாங்கம் அதைப் பதிவு செய்துகொண்டது. அவருக்குத் தோள் கொடுத்ததும் அவருடைய கூட்டுக் குடும்பம்தான்.

பயண மூட்டை

கட்டி முடித்தவுடன் பறந்துவிட முடியாது. இங்கிலாந்தில் வீட்டில் கட்டும் விமானத்தைப் பரிசோதகர் வந்து பார்ப்பார். கட்டக் கட்டப் பார்ப்பார். பிறகு பறந்து காட்ட வேண்டும். அதற்கப்புறம்தான் அனுமதிச் சீட்டு.

அசோக்கின் விமானம் 2022-ல் முதன்முதலாக ஆகாயத்தில் ஏறியது.

அடுத்தது குடும்பப் பயணம். ரயிலுக்கு மூட்டை கட்டுவது போல் இதற்குக் கட்டக்கூடாது! கிளம்பும்போது இந்த ரக விமானத்தின் மொத்த எடை 950 கிலோவைத் தாண்டக் கூடாது. விமானம், ஆட்கள், பெட்டி, பெட்ரோல் எல்லாம் அதற்குள் அடக்கம். 100 லிட்டர் பெட்ரோலே சுமார் 72 கிலோ இருக்கும். பெட்டி கனத்தால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். பெட்ரோல் குறைந்தால் தூரம் குறையும். பின்னால் பாரம் அதிகமானால் விமானம் நிலை தடுமாறும். ஆகவே அம்மா எடுத்து வைக்கும் ஒவ்வொரு பையும் தராசில் ஏற வேண்டும்.

இதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று உண்டு. "வானம் சரியில்லை என்றால் போக வேண்டாம்" என்று வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். குழந்தை அழுகிறதே என்று கிளம்பக் கூடாது. "திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டுமே" என்று அவசரப்பட்டு மேகத்துக்குள் நுழைந்து உயிரை விட்ட விமானிகள் பலர். ஓட்டலில் இன்னொரு நாள் தங்கினால் வாடகைதான் நஷ்டம்.

2022 மே மாதம் குடும்பத்தார் நால்வரும் இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகே உள்ள வைட் தீவுக்குப் பறந்தார்கள். பிறகு ஜெர்மனி, ஆஸ்திரியா, செக் நாடுகளுக்கும் அந்த விமானத்திலேயே சென்று திரும்பினார் அசோக்.

விமானத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'ஜி-தியா'. 'ஜி' என்பது இங்கிலாந்து விமானங்களுக்குரிய அடையாள எழுத்து. 'தியா' என்பது அவருடைய இளைய மகளின் பெயர்!