மூன்று ஏ எடுத்தும் ஏன் கிடைக்கவில்லை?

உயர்தரப் பெறுபேறு வெளியான அன்று யாழ்ப்பாணத்தில் முதலில் பரவும் செய்தி, இன்னார் வீட்டுப் பிள்ளைக்கு ‘3ஏ’ என்பதுதான். பத்திரிகையில் படம் வரும், பாடசாலை மதிலில் பதாகை ஏறும். சில மாதம் கழித்து வெட்டுப்புள்ளி வந்ததும், “மூன்று ஏ எடுத்தும் மெடிசின் கிடைக்கேல்லையாம்” என்று அதே ஊர் கதைக்கும். இதில் சூழ்ச்சி எதுவுமில்லை. ஏ, பி, சி எல்லாம் விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே காட்டும். இடத்தைத் தீர்மானிப்பது இசட் புள்ளி.

75 எடுத்தவருக்கும் ஏ, 97 எடுத்தவருக்கும் ஏ. அந்த எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் வித்தியாசத்தை இசட் புள்ளி வெளியே கொண்டுவருகிறது. முன்பு நான்கு பாடங்களின் புள்ளிகளை அப்படியே கூட்டி, 400க்கு எவ்வளவு என்று பார்த்தார்கள். ஒரு பாடத்தின் வினாத்தாள் இலகுவாக வந்தால் அதை எடுத்தவர்களுக்கு யோகம். பாடங்கள் மூன்றாகக் குறைந்த பின்னர், 2001இல் இசட் புள்ளி நடைமுறைக்கு வந்தது.

கணக்கு இதுதான். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுக்க வேண்டும். எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவே நியம விலகல். உதாரணத்துக்குச் சில எண்களைக் கற்பனை செய்வோம். இரசாயனவியலில் சராசரி 40, நியம விலகல் 16. ஒரு மாணவி 72 எடுக்கிறாள்: இசட் 2.0. உயிரியலில் சராசரி 54, நியம விலகல் 14. அதில் 75 எடுக்கிறாள்: இசட் 1.5. பௌதிகவியலில் சராசரி 44, நியம விலகல் 18, அவள் புள்ளி 71: இங்கும் 1.5. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 1.6667. பெறுபேற்றுத் தாளில் நான்கு தசமதானத்துக்கு வருவது இந்த எண்தான்.

இங்கே அவளுடைய ஒரே ஏ உயிரியலில்தான். ஆனால் கூடுதலாகக் கைகொடுத்தது ‘பி’ கிடைத்த இரசாயனவியல். சராசரிக்குக் கீழே எடுத்தால் இசட் மறைப் பெறுமானமாகும். மூன்று பாடமும் சித்தியடைந்தவருக்குக்கூட அது வரலாம்.

“பேப்பர் கஷ்டம், பிள்ளையின் எதிர்காலமே போச்சு” என்று அழும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வினாத்தாள் எல்லோருக்கும் கஷ்டமென்றால் சராசரியும் சேர்ந்தே இறங்கும். பிள்ளை மற்றவர்களைவிட எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதே கணக்கு. ஒரு குறையும் உண்டு: கெட்டிக்காரர்களே அதிகம் எடுக்கும் பாடத்தில் சராசரி உயர்ந்துவிடும், நல்ல புள்ளிக்கும் சின்ன இசட்தான் கிடைக்கும். யாரை யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது அவ்வளவு முக்கியம். 2011இல் பழைய, புதிய பாடத்திட்டங்களில் வெவ்வேறு வினாத்தாள் எழுதியவர்களை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், இரு கூட்டத்தையும் தனித்தனியே கணிக்கும்படி 2012 ஜூனில் தீர்ப்பு வந்தது.

இசட் புள்ளியைத் ‘தரப்படுத்தல்’ என்றே நினைக்கும் மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேறு. 1970களின் தொடக்கத்தில் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலத்தவருக்கு 227, தமிழ் மொழிமூலத்தவருக்கு 250 என்று இரு வெட்டுப்புள்ளிகள் இருந்தன. இன்றைய இசட் கணக்கில் மொழிப் பிரிப்பு இல்லை. ஒரு பாடத்துக்குத் தோற்றிய நாட்டினர் அனைவரும் ஒரே கூட்டம். ஆனால் 1974இல் வந்த மாவட்டக் கோட்டா வேறு வடிவில் தொடர்கிறது. கலைப்பிரிவு போன்றவை தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. ஒரே இசட் புள்ளிக்குக் கிளிநொச்சியில் இடம் கிடைத்து யாழ்ப்பாணத்தில் கிடைக்காமல் போவது இதனால்தான்.

சனத்தொகை என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1981இல், கிளிநொச்சி நீங்கலாக, யாழ்ப்பாணத்தில் ஏழு இலட்சத்து 38 ஆயிரம் பேர். 2012 கணக்கெடுப்பில் ஐந்து இலட்சத்து 83 ஆயிரம். நாட்டின் நூற்றில் ஐந்தாக இருந்த பங்கு மூன்றுக்கும் கீழே வந்துவிட்டது. போரும் புலம்பெயர்வும் ஊரை வெறுமையாக்கியதோடு நிற்கவில்லை. இருக்கிற பிள்ளைகளின் பல்கலைக்கழக இடங்களையும் குறைத்தன. கோட்டாவைப் பற்றி வாதிடும் இரு தரப்பாரும் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

விண்ணப்பம் நிரப்பப் போகும் தம்பி தங்கைகளுக்கு: போன வருட வெட்டுப்புள்ளி வெறும் வழிகாட்டிதான், ஆண்டுக்காண்டு அது மாறும். பார்ப்பதானால் உங்கள் மாவட்டத்து எண்ணைப் பாருங்கள், கொழும்பு எண்ணை அல்ல. கிடைக்காது என்று நீங்களே முடிவுகட்டி, விரும்பிய கற்கைநெறியைப் பட்டியலிலிருந்து விட்டுவிடாதீர்கள். விருப்ப வரிசைப்படியே எழுதுங்கள். எழுதாத கற்கைநெறிக்கு எந்த இசட் புள்ளியும் இடம் வாங்கித் தராது.