அண்ணன் இந்தியர், தம்பி அகதி! இலங்கை தமிழர்களுக்கு குடியுரிமை கொடுக்கலாமா, கூடாதா?

சென்னை:-

ஒரே தாய் வயிற்று பிள்ளைகள். பிறந்தது ஒரே முகாம். வளர்ந்தது ஒரே அறை. அண்ணன் பிறந்தது 1986-ல். தம்பி பிறந்தது 1988-ல். சட்டப்படி அண்ணன் இந்தியர். தம்பி வெளிநாட்டவர்!

கேட்டால் சினிமா கதை மாதிரி இருக்கும். ஆனால் நம் குடியுரிமை சட்டம் போட்டு வைத்திருக்கும் கோடு இதுதான். சென்னையை அடுத்த புழல், கும்மிடிப்பூண்டி தொடங்கி ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் வரை முகாம்களில் வசிக்கும் இலங்கை தமிழர்களின் தலையெழுத்தை இந்த கோடுதான் தீர்மானிக்கிறது.

இவர்களுக்கு குடியுரிமை கொடுக்கலாமா, கூடாதா? இரண்டு பக்கமும் என்ன சொல்கிறார்கள்? விவரம் வருமாறு:-

40 ஆண்டு கதை

1983 ஜூலை மாதம் இலங்கையில் நடந்த இனக்கலவரத்தை தொடர்ந்து தமிழர்கள் படகு ஏறி தமிழ்நாட்டுக்கு வரத்தொடங்கினார்கள். சண்டை மூளும்போதெல்லாம் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சுமார் 3 லட்சம் பேர் வந்தனர். பலர் திரும்பி போனார்கள். சிலர் வேறு நாடுகளுக்கு சென்றனர்.

2021-ல் தமிழக அரசு வெளியிட்ட கணக்குப்படி முகாம்களில் 58 ஆயிரத்து 822 பேர் இருந்தனர். முகாமுக்கு வெளியே பதிவு செய்து வசித்தவர்கள் 34 ஆயிரம் பேர். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் ரூ.317 கோடியே 40 லட்சம் மதிப்பிலான நலத்திட்டங்களை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். 7 ஆயிரத்து 469 வீடுகளை புதிதாக கட்டித்தருவதும் அதில் ஒன்று. "அகதிகள் முகாம்" என்ற பெயரும் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றப்பட்டது.

பெயர் மாறிவிட்டது. ஆனால் அந்தஸ்து மாறவில்லை. ஓட்டு கிடையாது. இந்திய பாஸ்போர்ட்டு கிடையாது. அரசு வேலை கிடையாது. டிகிரி முடித்த பையனும் கடைசியில் பெயிண்ட் அடிக்கத்தான் போக வேண்டியிருக்கிறது என்பது முகாம்களில் வழக்கமாக கேட்கும் புலம்பல்.

தேதிதான் தலையெழுத்து

1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், இந்தியர்தான். அதன்பிறகு பிறந்தவர்களுக்கு தாய் அல்லது தந்தை இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-ந் தேதி முதல் விதி இன்னும் இறுகியது. பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் "சட்டவிரோத குடியேறி"யாக இருந்தால் குழந்தைக்கு குடியுரிமை இல்லை.

அதாவது முகாம் பெண் உள்ளூர் வாலிபரை கல்யாணம் செய்து குழந்தை பெற்றாலும் சிக்கல்தான்.

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த பெண் ஒருவர் இந்த முதல் விதியை காட்டித்தான் மதுரை ஐகோர்ட்டு கிளைக்கு போனார். அவருக்கு பாஸ்போர்ட்டு வழங்க 2022-ல் கோர்ட்டு உத்தரவிட்டது. 2024 பாராளுமன்ற தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். ஆனால் 1987-க்கு பிறகு பிறந்தவர்களுக்கு இந்த கதவு மூடியே இருக்கிறது.

"கூடாது" என்பவர்கள் வாதம்

முதல் வாதம் சட்டம். பாஸ்போர்ட்டு, விசா இல்லாமல் வந்தவர்கள் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோத குடியேறிகள். அகதிகள் பற்றிய 1951-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. இவர்களுக்கு கொடுத்தால் நாளைக்கு மற்றவர்களும் வரிசையில் நிற்பார்கள் என்கிறார்கள். இலங்கை தமிழர் ஒருவர் தொடர்ந்த வழக்கில், எல்லா நாட்டு அகதிகளையும் தங்க வைக்க இந்தியா தர்மசத்திரம் அல்ல என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு வாய்மொழியாக கருத்து தெரிவித்தது.

இரண்டாவது பாதுகாப்பு. 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ்காந்தி கொல்லப்பட்ட பிறகு வந்த சந்தேகம் இன்னும் முழுசாக போகவில்லை.

மூன்றாவது, போர் 2009-ல் முடிந்துவிட்டதே, ஊருக்கு போகலாமே என்ற கேள்வி. இதை ஈழத்தமிழர்கள் மத்தியிலும் சிலர் வேறு கோணத்தில் கேட்கிறார்கள். மக்கள் குறைந்தால் தமிழர்களின் குரலும் குறையும் என்பது அவர்கள் கவலை. யாழ்ப்பாணம் தேர்தல் மாவட்டத்துக்கு 2010-ல் 9 எம்.பி.க்கள் இருந்தனர். 2024-ல் அது 6 ஆகிவிட்டது. இந்திய சட்டத்தில் இரட்டை குடியுரிமை கிடையாது. எனவே இந்திய குடியுரிமை வாங்கினால் அங்குள்ள உரிமையை இழக்க நேரிடும்.

"கொடுக்கலாம்" என்பவர்கள் வாதம்

உயிரை காப்பாற்ற இரவோடு இரவாக படகு ஏறியவர்கள் எந்த ஆபீசில் போய் விசா வாங்கியிருக்க முடியும்? இது முதல் கேள்வி.

சரி, பெற்றோர் படகில் வந்தார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் எந்த எல்லையை தாண்டினார்கள்? இது இரண்டாவது கேள்வி. இதற்குத்தான் எதிர்தரப்பில் இருந்து நேரான பதில் இல்லை.

வெளிநாட்டவர் 12 ஆண்டு இங்கு வசித்தால் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க சட்டத்திலேயே வழி இருக்கிறது. இவர்கள் 30, 40 ஆண்டுகளாக இருக்கிறார்கள். ஆனால் "சட்டவிரோத குடியேறி" என்ற ஒரே வார்த்தை அந்த வழியை அடைத்துவிடுகிறது.

2019-ல் வந்த குடியுரிமை திருத்த சட்டம் இதே வார்த்தையை பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், புத்த மதத்தினர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர்களுக்கு நீக்கியது. இலங்கை அந்த பட்டியலில் இல்லை. "அவங்களுக்கு முடியும்னா எங்களுக்கு ஏன் முடியாது?" என்பதே முகாம்களின் கேள்வி. அந்த சட்டத்தை திரும்ப பெறக்கோரி தமிழக சட்டசபையில் 2021-ல் நிறைவேறிய தீர்மானத்தின்போதும் இந்த பிரச்சினை எழுப்பப்பட்டது.

ஊருக்கு போகலாம் என்பதும் லேசுப்பட்ட விஷயம் இல்லை. பலருக்கு அங்கே வீடு இல்லை, நிலம் இல்லை. 2025 மே மாதம் தாமாக ஊர் திரும்பிய முதியவர் ஒருவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டது முகாம்களில் பீதியை கிளப்பியது.

மலையக தமிழர் நிலை

இவர்களில் ஒரு பிரிவினர் மலையக தமிழர்கள். தேயிலை தோட்டத்துக்கு தமிழ்நாட்டில் இருந்தே போனவர்களின் வாரிசுகள். 1964-ல் சாஸ்திரி- சிறிமாவோ ஒப்பந்தப்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. 1984-ல் தலைமன்னார் கப்பல் நின்றது. அதன்பிறகு படகில் வந்தவர்கள் அகதிகள் ஆனார்கள். தாத்தா நம்மூர்க்காரர், பேரன் வெளிநாட்டவர்! இவர்களது விண்ணப்பங்களை 16 வாரத்தில் பரிசீலிக்கும்படி 2019-ல் மதுரை ஐகோர்ட்டு கிளை உத்தரவிட்டது.

விலக்கு வந்தது, உரிமை வரவில்லை

2025 செப்டம்பரில் ஒரு மாற்றம் வந்தது. 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிவு செய்த இலங்கை தமிழர்களுக்கு, பாஸ்போர்ட்டு, விசா இல்லாமல் தங்கியதற்கான தண்டனையில் இருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. ஜெயில் பயம் போனது. ஆனால் விலக்கு வேறு, குடியுரிமை வேறு. குடியுரிமை சட்டத்தில் அந்த "சட்டவிரோத" முத்திரை அப்படியே இருக்கிறது.

இரு தரப்பு வாதத்தையும் சேர்த்து பார்த்தால் ஒன்று புரியும். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவதுதான் சிக்கலே. பாட்டிக்கு "எங்கட ஊர்" என்றால் மன்னார். பேத்திக்கு "எங்க ஊரு" என்றால் கும்மிடிப்பூண்டி. போக விரும்புபவருக்கு பாதுகாப்பான வழி வேண்டும். இருக்க விரும்புபவருக்கு, குறைந்தபட்சம் இங்கு பிறந்தவருக்கு, விண்ணப்பம் கொடுக்கவாவது வழி வேண்டும். அதற்கு சட்டத்தில் ஒரு வரி திருத்தம் போதும். அதை செய்ய வேண்டிய இடம் பாராளுமன்றம்.

அதுவரை முகாமில் இன்று பிறக்கும் குழந்தையும், ஒருநாளும் படகு ஏறாமலே, படகில் வந்தவர் கணக்கில்தான் சேரும்.